மாப்பிள்ளை வரவேண்டிய லோஞ்ச்

எங்கள் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் ஹிஸ்புல்லா மச்சானிடம் உலகத்தில் வந்த எல்லாப் புதிய பொருட்களைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. யாராவது கேட்டால்தான் சொல்வார் என்றில்லை.

மூதூரில் ஒரே வேலிக்குள் இருந்த எங்கள் வளவில் இரண்டு வீடுகள். ஒன்று ராத்தா பரீதாவுக்கு, மற்றது எனக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்ததும் ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவான். அப்படி எங்கள் வளவுக்கு வந்தவர் மச்சான். அதே மாதிரி எங்கள் கூடப்பிறந்த மூத்தவர், அபூதாஹிர் காக்கா, திருகோணமலை நகரத்தில் ரபீக்கா மதினியின் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கும் காக்காவுக்கும் நடுவே கொட்டியாரக் குடாக்கடல் கிடந்தது.

மச்சான் இளவயதில் இங்கிலீஸ்காரரின் கடற்படைத் தளத்தில் எஞ்சின்களுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை செய்தவர். ஐம்பத்தேழில் அவர்கள் கப்பலேறிப் போனதோடு அந்த வேலையும் போனது. அந்த நேரம் காக்கா நகரத்துக்கும் மூதூருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓட்ட ஒரு லோஞ்ச், எஞ்சின் வைத்த படகு, வாங்கியிருந்தார். தங்கையின் கணவரை அதில் எஞ்சின் டிரைவராக வைத்தார். சுக்கான் பிடிப்பதற்குச் சல்லிக் கிராமத்திலிருந்து கதிரவேல் அண்ணனைக் கூட்டிவந்தார். மேலே நின்று வழி பார்ப்பவர் அண்ணன், கீழே சூட்டுக்குள் குந்தியிருப்பவர் மச்சான். இரண்டு பேரும் பதினேழு வருடம் ஒரே லோஞ்சில் போய்வந்தார்கள். ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

லோஞ்சில் பெண்கள் இருக்கும் இடம் பின்பக்கம், எஞ்சின் அறையை ஒட்டி இருந்தது. ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கத் திரை கட்டிவிட்ட இடம். ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் மச்சான் இருப்பார். அவர் தலையை வெளியே நீட்டி அண்ணனோடு கத்திக் கத்திக் கதைப்பது எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். லோஞ்ச் மூதூரில் தங்கும் நாட்களில் அண்ணன் எங்கள் வளவுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவார். மிச்சக் கதை அங்கே நடக்கும்.

மீனவர்கள் நைலோன் வலைக்கு மாறியபோது ஊரே புகழ்ந்தது. மச்சான் மட்டும், "நூல் வலை கடல்ல தவறினா உக்கி மண்ணாப் போகும். இது உக்காது. ஆக்கள் இல்லாமலே கிடந்து மீனைக் கொல்லும்" என்றார்.

"அப்ப என்ன, மீனுக்கு வக்கீலா வந்திட்டியோ?" என்று அண்ணன் கேட்டார்.

மனிதன் சந்திரனில் இறங்கினான் என்று ரேடியோ சொன்ன நாளில் மச்சான் ஒத்துக்கொண்டார். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "டவுனிலிருந்து மூதூர் வரவே இந்த எஞ்சின் ரெண்டு தரம் நிக்குது. அவங்கள் சந்திரனுக்குப் போயிட்டு வந்தவங்களாம்" என்றார். அதற்கு மச்சான், "அங்க சுக்கான் பிடிக்க நீங்க இல்லையே அண்ணே" என்றார். திரைக்குள் இருந்த பெண்கள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

எழுபத்து நாலில் பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் அண்ணன் பத்திரிகையைச் சுக்கானில் விரித்து வைத்துக்கொண்டு வாசித்தார். வெளிநாட்டில் யாரோ தண்ணீருக்குள் இருக்கும் ஐதரசன் என்ற வாயுவில் கார் ஓட்டப் பார்க்கிறார்களாம். லோஞ்ச் முழுக்க ஒரே கலகலப்பு. இவ்வளவு பெரிய குடா நம்மிடம் இருக்கிறதே, இனி நாம்தான் அரபு நாடு என்றார் ஒருவர்.

"வாளியைக் கட்டி இறக்கு, ஹிஸ்புல்லா! டாங்கியை நிரப்பு!" என்று அண்ணன் கத்தினார்.

"நிரப்பலாம் அண்ணே. தண்ணியிலயிருந்து அந்த வாயுவைப் பிரிக்கிறதுக்கு வேற சக்தி வேணும். பிரிக்கிறதுக்குக் குடுக்கிறது கூட, திரும்பி வாறது குறைய. அது ஒண்டு."

"மற்றது?"

"அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. ஒழுகினாக் கண்ணுக்கும் தெரியா, மூக்குக்கும் தெரியா. புது மெஷின் எண்டு வந்தா வேகம் என்ன, செலவு என்ன எண்டுதான் எல்லாரும் கேக்கிறீங்க. ஒழுகினா அதை ஆர் வாயத் திறந்து செல்லுவாங்க, அப்பிடிச் சென்னவனுக்கு என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல."

"இவனுக்கு எஞ்சின் ஓடினாலும் கவலை, நிண்டாலும் கவலை" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

அந்த வருடம்தான் லோஞ்சின் பழைய எஞ்சின் உடைந்துபோய், ஒரு லொறியின் எஞ்சினைக் காக்கா பொருத்தியிருந்தார். அதைக் குளிரவைக்க ஒரு பம்ப் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடி, சூடேறி, ஒரு ரப்பர் குழாய் வழியாக மறுபடி கடலுக்குப் போகும். அந்தக் குழாய் எங்கள் திரைக்குள், கால் வைக்கும் பலகைக்குக் கீழேதான் போனது.

நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருந்தன. ராத்தாவும் நானும் நகரத்தில் சீலை எடுத்துக்கொண்டு பின்னேர லோஞ்சில் திரும்பினோம். எல்லாரும் நோன்பு. திரைக்குள் நெருக்கியடித்து இருந்தோம். கரையைவிட்டுத் தூரம் வந்தபின் என் காலில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன், பலகை நனைந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு இளம் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தைதான் நனைத்துவிட்டது என்று நினைத்து, அவளுக்கு வெட்கமாக இருக்கக்கூடாதே என்று பேசாமல் காலை மேலே தூக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளும் தூக்கினாள். அதற்கடுத்தவளும் தூக்கினாள். எல்லாரும் அதையே நினைத்திருக்கிறோம். ஒரு பெரிய மனுசி மட்டும், "புள்ளதானே மகள், கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னா. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. குழந்தையின் துணி காய்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ராத்தா குனிந்து விரலை நனைத்து முகர்ந்து பார்த்தா.

"இது புள்ளட தண்ணி இல்ல. எண்ணெய் மணக்குது."

முன்னால் முழுக்க ஆண்கள். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் பெண்கள் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ராத்தா அன்று சீலையோடு வாங்கிய திருவலகையை, தேங்காய் துருவும் பலகையை, எடுத்துச் சுவரில் அடித்தா. "ஆரது விளையாடுறது?" என்று மச்சானின் குரல் மட்டும் வந்தது. மறுபடி அடித்தா. பிறகு திருவலகையைப் போட்டுவிட்டு, திரையை விலக்கி, அத்தனை ஆண்களுக்கும் நடுவில் வந்து நின்று, "இஞ்ச பாருங்க! தண்ணி ஏறுது!" என்று கத்தினா.

குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் ஓட ஓட அதன் பம்ப்பே கடலை லோஞ்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. மச்சான் எஞ்சினை நிறுத்தினார், தண்ணீர் ஏறுவது நின்றது. ஆண்கள் வாளியால் இறைத்தார்கள். மச்சான் தன் சாரத்தில் ஒரு முழம் கிழித்துக் குழாயைச் சுற்றிக் கட்டினார். மெதுவாக ஓட்டிக் கரைக்கு வந்தோம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு இறங்குதுறையில் நின்று, யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததுதான் பிறகு கரைச்சலாகப் போனது.

"பொண்டுகள் பயந்திட்டாங்க, அவ்வளவுதானே" என்றார் காக்கா. லொறி டயர் டியூப்பை வெட்டிக் குழாயில் சுற்றி, கம்பியால் இறுக்கினார். புதுக் குழாய் போட வேண்டும், அதுவரை பாதி ஆட்களைத்தான் ஏற்ற வேண்டும் என்று மச்சான் கேட்டார். காக்கா கெட்டவர் அல்ல. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் வராது.

"கொழும்பிலயே இல்ல மச்சான். பாதி ஆக்களை ஏத்தினா மற்றப் பாதி எதில போறது? ஆசுபத்திரிக்குப் போறவன் நீந்தியா போவான்?"

"அப்ப ஏறுற ஆக்களுக்குச் செல்லிட்டு ஏத்துவோம்."

"சென்னா ஆர் ஏறுவாங்க?"

மச்சான் அதற்குமேல் காக்காவோடு கதைக்கவில்லை. கதைக்க முடியாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. ராத்தாவின் மகள் அசனாவைக் காக்காவின் மகன் பாயிஸுக்குக் கேட்டிருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கலியாணம் என்று பேச்சு. சின்ன வயதிலிருந்தே மாமா மகன், மாமி மகள் என்று ஊர் சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளைகளின் மனதிலும் அது வேர்விட்டிருந்தது. பாயிஸ் வரும் நாட்களில் அசனா குசினிக்குள்ளிருந்து வெளியே வரவே மாட்டாள். ஆனால் அன்றைக்குச் சுடும் ரொட்டி எதுவும் கருகாது. நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

வருடத்துக்கு ஒரு முறை லோஞ்சைப் பார்க்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். அவர் சரி என்றால்தான் அடுத்த வருடம் ஓடலாம். அன்றைக்கு எஞ்சினுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மதினி கோழி சமைத்து அனுப்புவா. முதலாளி பதில் சொல்வார். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இது வழக்கம். பெருநாள் முடிந்து இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது.

அதற்கு முதல்நாள் பின்னேரம் கதிரவேல் அண்ணன் எங்கள் வளவில் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"என்ன செய்யிறது."

"வெளிநாட்டுக்காரன்ர காருக்கு ஆர் சொல்லுவாங்கள் எண்டு பெரிய கேள்வியெல்லாம் கேட்டாய். இது உன்ர காலடியில இருக்கிற குழாய்."

"நீங்களும் சுக்கானிதானே. நீங்க செல்லுங்களேன்."

"எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேப்பாங்கள். கேட்டாத் தலையை ஆட்டுறன். ஆனா முதல்ல நீதான் வாய் திறக்கவேணும் தம்பி." அண்ணன் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

மச்சான் குசினி வாசலில் வந்து குந்தினார். ராத்தா சல்லடையில் மா அரித்துக்கொண்டிருந்தா. நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன்.

"பரீதா, நாளைக்கு நான் அந்தக் குழாயைப் பத்திச் செல்லத்தான் வேணும் போல."

ராத்தா அரிப்பதை நிறுத்தவில்லை. "செல்லுங்க. நானும் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா காக்கா மன்னிக்கமாட்டார். பிள்ளட விஷயம் என்னாகும்?" என்றா.

"அதுதான் எனக்கும் நெஞ்சைப் புடிக்கிது. என்ட பிள்ள. ஊராருக்காக என்ட பிள்ளட வாழ்க்கையக் கெடுக்கவா?"

அசனா உள்ளே விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாப்பாவுக்கு முன்னால் கலியாணப் பேச்சில் வாய் திறந்ததே இல்லை. விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாப்பிள்ள வீட்டாக்கள் எல்லாம் அந்த லோஞ்சிலதானே வாப்பா வருவாங்க."

அவள் "அவர்" என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் விளங்கியது. எங்கள் வழக்கப்படி பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உம்மா, வாப்பா, சொந்தக்காரரோடு கடல் கடந்து பெண்ணின் வாசலுக்கு வரவேண்டும். மச்சான் எழுந்து கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். பலகையைத் தூக்கிக் குழாயையும் பார்த்தார். புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். "எல்லாம் சரி ஐயா" என்றார் காக்கா. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"ஐயா, அந்தப் பெயின்ட் இன்னும் காயல்ல. கொஞ்சம் சுரண்டிப் பாருங்க" என்றார் மச்சான்.

இன்ஸ்பெக்டர் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே டியூப்பும், டியூப்புக்குக் கீழே வெடிப்பும் இருந்தன. சுக்கானியைப் பார்த்தார். அண்ணன் சொன்ன சொல் தவறாமல் தலையை ஆட்டினார். புதுக் குழாய் போடும்வரை லோஞ்ச் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கோழிக்கறியைத் தொடாமல் இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனார்.

"வீட்டுக்குள்ள கதைக்கிறதை வெளி ஆளுக்கு முன்னால கதைச்சிட்டீங்க மச்சான்" என்றார் காக்கா.

"வீட்டுக்குள்ளயும் கதைச்சனான் மச்சான். நீங்கதான் கேக்கல்ல."

"இனி என்ட லோஞ்சில கால் வைக்காதீங்க."

காக்கா வேறொன்றும் சொல்லி அனுப்பவில்லை. கலியாணம் இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. மாரிமழை வலுத்தது. மற்றொரு சின்ன லோஞ்சில் ஆட்கள் இடிபட்டுப் போனார்கள். அந்த எரிச்சலையெல்லாம் மச்சான் மேல் கொட்டினார்கள். கடைத்தெருவில், "ஹிஸ்புல்லா காக்கா, ஐதரசன் கார் எப்ப வரும்? டவுனுக்குப் போகோணும்" என்று கேட்பார்கள். மச்சான் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். தோப்பூரில் வயல்காரரின் தண்ணீர்ப் பம்ப்களைத் திருத்தும் வேலை கிடைத்திருந்தது. கருத்துச் சொல்வதையே விட்டுவிட்டார். ராத்தா புதிதாக வந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றை வாங்கி அவருக்கு முன்னாலேயே வைத்தா. அதைப் பற்றியாவது ஏதாவது சொல்லமாட்டாரா என்று பார்த்தா. அவர் அதிலிருந்து தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டுப் போனார்.

அசனா அழவில்லை. ரொட்டிதான் கருகத் தொடங்கியது.

தை மாதம் ஒரு மழை நாள். மத்தியானம் வேலிப் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாயிஸ் நின்றான். தலையிலிருந்து கால்வரை சேறு, செருப்பு இரண்டும் கையில். நகரத்திலிருந்து தரை வழியாக மூதூருக்கு வருவதென்றால் கிண்ணியாவில் மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆறுகளில் துறைக்குத் துறை காத்து நிற்க வேண்டும். மழை காலத்தில் அந்த வழியை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

"மாமி, எங்கட லோஞ்ச் ஓடல்லதானே, இந்தக் கடலுக்குச் சின்ன லோஞ்சும் நிண்டுட்டுது. அதான் சுத்தி வந்தனான்" என்றான்.

ராத்தா துவாய் எடுக்கப் போய் அலுமாரியைத் திறந்துவிட்டு, என்னத்துக்குத் திறந்தோம் என்று நின்றா. மச்சான் உள்ளேயிருந்து வந்தார்.

"வாப்பா அனுப்பினவரா?"

"இல்ல மாமா."

"வந்தது அவருக்குத் தெரியுமா?"

"திரும்பிப் போனாத் தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மாமா, எனக்கு நீந்தத் தெரியா. வாப்பாவுக்கும் அது தெரியும். உம்மா நேத்து அதை வாப்பாக்கிட்டக் கேட்டவ. என்ட புள்ளைக்கு நீந்தத் தெரியாதே, அந்தக் குழாயோடயா மாப்பிள்ளையா அனுப்ப இருந்தீங்க எண்டு. வாப்பா சாப்பாட்டிலயிருந்து எழும்பிப் போயிட்டார்."

மச்சான் அவன் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்தார். "கடற்கரையில பிறந்திட்டு நீந்தத் தெரியாதா? முதல்ல தலையத் துவட்டு" என்றார். குசினிக்குள் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. எடுக்க ஒருவரும் போகவில்லை.

புதுக் குழாயைக் காக்கா கொழும்பில் எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது. மழை விட்ட பிறகு இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பார்த்து, சரி என்றார். லோஞ்ச் ஓடத் தொடங்கியது. கடல் அடங்கிய மாதத்தில் கலியாணத்துக்கு நாள் வைத்து ரபீக்கா மதினி ஆள் அனுப்பினா. காக்கா மச்சானோடு கதைப்பதில்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது.

கலியாணத்தன்று மச்சான் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையை வரவேற்க இறங்குதுறைக்குப் போனார். வரவேண்டிய நேரம் தாண்டியும் அவர்கள் வரவில்லை. பந்தலில் ஆட்கள் எழும்பி எழும்பித் தெருவைப் பார்த்தார்கள். ராத்தாவின் முகம் வெளிறிப்போனது. நான் அசனாவின் பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்திருந்தது.

கடைசியில் பக்கத்துவீட்டு அன்ஸார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "லோஞ்ச் எப்பவோ வந்திட்டுது! எல்லாரும் இறங்கிட்டாங்க. பெண்ட வாப்பாவத்தான் காணல்ல!"

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் இறங்கியதும் காக்கா மச்சானுக்கு முன்னால் வந்து நின்றார். ஸலாம் சொன்னார், கையைக் கொடுத்தார். பிறகு திரும்பிப் புது டிரைவரிடம், "பலகையத் தூக்கி மச்சானுக்குக் காட்டு" என்றார். மச்சான் வெள்ளைச் சாரத்தோடு எஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டார். பாயிஸ் தலைப்பாகையோடும் மாலையோடும் வெயிலில் நின்றான். கதிரவேல் அண்ணன் தன் குடையை அவனுக்குப் பிடித்துக்கொண்டு, "டேய் ஹிஸ்புல்லா, மாப்பிள்ளை உருகுறான்! மேல வா!" என்று கத்தினாராம்.

"எப்படி?" என்று காக்கா கேட்டார், மச்சான் மேலே வந்ததும்.

"குழாய் நல்லது மச்சான். ஆனா இந்தப் பொடியன் எண்ணெய் அளவுக்குக் கூடப் போடுறான். அது எஞ்சினுக்குக் கூடாது. நான் செல்றதைக் கேளுங்க, டீசல் எஞ்சின் எண்டா..." என்று தொடங்கினார். அங்கிருந்து எங்கள் வாசல்வரை காக்காவும் மச்சானும் முன்னால் கதைத்துக்கொண்டு நடந்தார்கள். மாப்பிள்ளையும் ஊராரும் பின்னால் வந்தார்கள்.

மச்சானின் வெள்ளைச் சாரத்தில் முழங்காலுக்குக் கீழே கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தா.

"இண்டைக்குமா?" என்றா.

"பெரிய மச்சான்தான் பாக்கச் சென்னார்" என்றார் மச்சான், சின்னப் பிள்ளை மாதிரி.

ராத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அலுமாரியிலிருந்து வேறு சாரம் எடுத்து எறிந்தா. அவர் மாற்றிக்கொண்டு வரும்வரை காவின் என்ற கலியாணப் பதிவை எழுதுபவரும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள். உள்ளே அசனாவின் கை என் கைக்குள் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.